சுருளுக்கு அடுப்பு ஆகாது

என்ன படிக்கிறாய் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாராவது கேட்டால், "நடுக்கம்" என்பேன். "யாருக்கு?" என்பார்கள். புரதச் சங்கிலிக்கு என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும். சொன்னது பொய்யில்லை. பாலிபெப்டைட் எனும் அந்தச் சங்கிலி சுருண்டு நிற்கும்போது ஒவ்வொரு கண்ணியும் தனக்கு நாலாவதாக நிற்கும் கண்ணியைப் பிடித்துக்கொள்ளும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரும் பஸ்ஸில் கம்பி எட்டாதவன் நாலாவது ஆளின் தோளைப் பிடிக்கிற மாதிரி. ஒன்று ஆடினால் கூட்டமே ஆடும். அந்த ஆட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரால் பார்த்து, காகிதத்தில் ஒரு மேடாகக் காட்டினால் எனக்கு முதுநிலைப் பட்டம். இரண்டரை வருஷம் அதற்கே போயிருந்தது.

ஒரே ஒரு அளவீடுதான் மிச்சம். சங்கிலியைச் சின்ன வில்லை ஒன்றில் மெல்லிய படலமாகப் பூசி வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அளக்கும் இயந்திரம் எனக்கு. தவறவிட்டால் அடுத்த முறை எப்போது என்று கடவுளுக்கும் தெரியாது. அவரும் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

படலத்துக்கு ஈரம் ஆகாது. தண்ணீரும் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஆடித் தொலைத்து, என் மேட்டை மூடிவிடும். ஆய்வுகூடத்திலிருந்த ஈரம் புகாத சாடியிலோ ஒரு மகராசன் கிறீம் கிராக்கர் பிஸ்கட் வைத்து, வேளைக்கு வேளை திறந்து தின்றுகொண்டிருந்தான். அவனை நம்பாமல், வில்லையை ஒரு போத்தலில் போட்டு, ஈரத்தை உறிஞ்ச நீல நிறச் சிலிக்கா மணிகளும் போட்டு, சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஈரத்துக்குப் பயந்து, மழை ஓயாத மஸ்கெலியாவுக்கு வந்த ஒரே விஞ்ஞானி நானாகத்தான் இருப்பேன்.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேசையில் போத்தல் இல்லை.

"அம்மா, போத்தல் எங்க?"

"அந்த மணியெல்லாம் ரோஸாப் போச்சு புள்ள. நேத்து நீலமா இருந்துச்சே! ஈரம் குடிச்சிருச்சுன்னு அடுப்புக்கு மேல வச்சிருக்கேன். மூடியத் தொறந்துதான் வச்சேன், பயப்படாத."

எங்கள் வீட்டில் காய வேண்டியதெல்லாம் அடுப்புக்கு மேலே விறகு வைக்கும் தட்டுக்குத்தான் போகும்: உப்பு, நெருப்புப்பெட்டி, அப்பா காலில் போடும் ஒரே சோடிச் சப்பாத்து. விடியலிலிருந்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் எடுத்திருந்ததோ சூடு பட்டால் சுருளை விட்டுத் தகடாகப் படுத்துக்கொள்ளும் வகைச் சங்கிலி.

"கொழுந்து பறிக்கிறவளுக்கு இதுல என்ன தெரியும்? என் சாமானத் தொடாதன்னு எத்தன தடவ சொல்றது!" என்று கத்தினேன். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா வீட்டில் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஒன் பொறப்புப் பத்திரமும் இருவது வருசம் அங்கதானே இருந்துச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மேடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சரிந்து பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதைச் சமைத்தாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்று நடந்ததைச் சொன்னேன். மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு மணிகள் எப்போது நிறம் மாறின என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் போட்ட மூடி சரியில்லை, அம்மா கை வைப்பதற்கு முன்பே படலம் நனைந்து கெட்டிருந்தது. வீட்டில் அதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவள்தான்.

இரக்கப்பட்டு, இயந்திரத்தில் தன் முறையை அவர் எனக்குத் தந்தார். கிராக்கர்காரனை விரட்டிவிட்டுப் புதுப் படலம் போட்டேன். மேடு வந்தது, பட்டமும் வந்தது. குற்றம் என்னுடையது என்று அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. வெட்கம், வேறென்ன.

போன வாரம் வீட்டில் இருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கொடியில் என் துணிகள் கிடந்தன. தன் சேலையை எடுத்துக்கொண்டு ஓடிவந்த அம்மா, தலை நனைய வாசலில் நின்று கேட்டாள்:

"புள்ள, ஒன் துணிய எடுக்கட்டுமா?"