காலராவுக்குப் பிறகு முதல் தே

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் ஈப்போ, புந்தோங்கில் குடியிருந்தேன். ரப்பர்த் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வேலைக்கு வந்த எங்களுக்குச் சாயங்காலம் என்றால் திடலோரத்து ஒட்டுக்கடைகள்தான். ‘தே’ என்று நாங்கள் சொல்லும் தேநீர் ஒரு கிளாஸ், பக்கத்து பெஞ்சில் பந்தாட்டச் சண்டை, யார் தட்டிலிருந்தோ எடுத்த ஒரு வடை.

அந்த ஆண்டு காலரா பரவியது. கடைகளை மூடச் சொன்னார்கள். ஆனாலும் வேலை முடிந்ததும் கால்கள் அங்கேதான் போயின. மூடிய கடைமுன் மோட்டார்சைக்கிளை நிறுத்துவோம். தள்ளித் தள்ளி நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புவோம். வீட்டிலும் இருப்புக்கொள்ளாது.

இதற்கிடையில் நாங்கள் வழக்கமாகக் குடிக்கும் தே கடைக்காரருக்கே நோய் கண்டது. பிழைத்து வந்தார். தடை நீங்கியதும் கடையைத் திறந்தார். முன்பு ஒரே வாளித் தண்ணீரில் முக்கியெடுத்த கிளாஸ்களை இப்போது எல்லாரும் பார்க்க அண்டாவில் கொதிக்க வைத்தார். கூட்டம் வந்தது. யாரும் தே கேட்கவில்லை, நான் உட்பட.

“என்னா மச்சான், எல்லாரும் விரதமா லா?” என்று கேட்டுப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்படியே போனால் கடையை எடுத்துவிட்டுத் தோட்டத்துக்கே ரப்பர் பால்வெட்டத் திரும்ப வேண்டியதுதான் என்று அவர் மனைவி சொல்லத் தொடங்கினார்.

ஒரு சாயங்காலம் லூமுட்டிலிருந்து மீன் ஏற்றி வந்த லாரி நின்றது. டிரைவர் இறங்கி, “அண்ணே, தே ஒன்னு, கெட்டியா” என்றார். கடைக்காரர் கலக்கினார். ஆனால் கிளாஸை நீட்டவில்லை.

“தம்பி, எனக்குக் காலரா வந்து போச்சு. நல்லாயிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா இவங்க யாரும் குடிக்கிறதில்ல. தெரிஞ்சுக்கிட்டுக் குடிங்க.”

டிரைவர் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“மீனுலதான் காலரா வருதுன்னு என் லாரியக் கண்டாலே பாசார்ல ஆளுங்க ஓடுறாங்க லா. நீங்களாச்சும் கிட்ட நின்னு பேசுறீங்க. கொடுங்கண்ணே.”

நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார். “இன்னொன்னு போடுங்க. சீனி கொஞ்சம் தூக்கலா.”

பெஞ்சின் கோடியிலிருந்து யாரோ, “எனக்கும் ஒன்னுண்ணே” என்றார். அடுத்து நான் கேட்டேன். கடைக்காரர் தலை நிமிரவில்லை, கை மட்டும் வேகமாக ஓடியது. அவர் மனைவி வடைச்சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

தடை நீங்கிய பிறகும் அந்தக் கடையை மூடி வைத்திருந்தது நாங்கள்தான் என்பது அன்று புரிந்தது. இன்றும் கூட்டமான கடையில் முன்பின் தெரியாதவர் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தால், எனக்கு நகர்ந்துகொள்ளத் தோன்றுவதில்லை.