இன்னும் கொஞ்சம் கெடுத்துத் தாங்க!

பிள்ளைகள் தாங்களே செய்தது என்று எல்லாரும் நம்பும்படியான சாமான்களைச் செய்து விற்பதுதான் என் தொழில்.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டுப் புத்தகமும் ஜெராக்ஸுமாக ஒரு சின்னக் கடை எனக்கு. கடையத்துப் பக்கம் கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவள். கையில் அட்டையும் பசையும் கிடைத்தால் எதையாவது ஒட்டாமல் விடமாட்டேன். ஷூவுக்குள் ஒரு காலை விட்ட பிறகு, "எம்மா, இன்னைக்கு மாடல் கொண்டு போகணும்" என்று சொல்லும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கும். அப்போது நீங்கள் ஓடி வருவது என்னைப் போன்ற ஒருத்தியிடம்தான். எரிசக்தி சேமிப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று மாணவர்களுக்குப் படைப்புப் போட்டி அறிவித்துவிட்டால் போதும், கடையில் நிற்க இடமிருக்காது.

இதில் பாவப்பட்ட ஒரே ஆள், நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் முத்தரசி. போன வருஷம் அவள் ஒண்டியாக உட்கார்ந்து செய்த மாடலை, "உங்க அம்மா கடையில செஞ்சதுதானே?" என்று கேட்டு ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். வீடு வந்து சேரும் வரை அழுதாள். இந்த வருஷம் சபதமே போட்டுவிட்டாள். "பரிசு கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டாலும் சரி. நான்தான் செஞ்சேன்னு அவங்க நம்பணும். நீ கிட்ட வராத!"

கோணல் வேலை

பேங்கில் வேலை பார்க்கும் ஒரு மேடம், மகனுக்காகக் காற்றாலை கேட்டிருந்தார். மூன்று இறக்கையும் ஒரே அளவாக வெட்டி, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கீழே பச்சைப் புல் ஒட்டி வைத்திருந்தேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவர் முகம் வாடிவிட்டது. "ரொம்ப நல்லா இருக்கேம்மா... இதைக் கொண்டு போனா மாட்டிக்கிடுவோம். இன்னும் கொஞ்சம் கெடுத்துத் தாங்க" என்றார்.

இடது கையால் பெயிண்ட் அடித்தேன். ஒரு இறக்கையைக் கத்தரித்துக் குட்டையாக்கினேன். புல்லைப் பிய்த்தேன். மேடம் பக்கத்திலேயே நின்று, "அந்தக் கம்பத்தையும் லேசாச் சாய்ச்சிருங்க" என்று உற்சாகப்படுத்தினார். கடைசியில் காற்றாலை, பெரிய புயலுக்குத் தப்பி வந்த மாதிரி நின்றது. மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆங்... இப்பதான் எம் புள்ள செஞ்ச மாதிரியே இருக்கு!"

அழுகிற பூமி

ஓவியப் போட்டி என்றால் எல்லாருக்கும் பூமி உருண்டை அழ வேண்டும். வேறு யோசனை சொன்னால் கேட்க மாட்டார்கள். சிரிக்கிற பூமியை வரைந்து வைத்துப் பார்த்தேன், ஒருத்தர்கூடத் தொடவில்லை. ஒரே நாளில் அத்தனை பூமிக்குக் கண்ணீர் வரைந்து நீல ஸ்கெட்ச் பேனா தீர்ந்து போனது.

மேலகரத்திலிருந்து வந்த ஒரு அக்கா, தனக்கு வரைந்ததைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. "என்னக்கா, நல்லா இல்லையா?" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு கண்ணுலயும் தண்ணி வரட்டும் தங்கச்சி, போன வருஷம் ஒத்தக் கண்ணு அழுததுக்கு ரெண்டாம் பரிசுதான் குடுத்தாங்க."

ஏட்டையாவின் வாசகம்

வாசகப் போட்டிக்கு வந்தவர் ஒரு போலீஸ் ஏட்டையா. மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "மின்சாரம் பத்தி நாலு வார்த்தை நச்சுனு வேணும்" என்றார். 'வீட்டுக்கு ஒளி தரும் மின்சாரம், வீணாக்காமல் காப்போம் நாம்' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்தார். அவருக்கு ஏறவில்லை. பேனாவை வாங்கி அவரே எழுதினார்: 'ஆளில்லாத அறையில் விளக்கு எரிவது கண்டறியப்பட்டால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.'

"ஏட்டையா, பிள்ளைக எழுதுன மாதிரி கொஞ்சம் அன்பா இருந்தா நல்லா இருக்கும்லா?" என்று மெதுவாக இழுத்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஏம்மா, கெஞ்சிக் கேட்டா எவன் லைட்டை அமத்துதான்?"

அருவிக்கு உறை

செங்கோட்டை அண்ணாச்சி ஒருவர், பேரனுக்காகக் குற்றால அருவி கேட்டார். களிமண் பாறை, பஞ்சுத் தண்ணீர், தென்னங்குச்சியில் மரம் எல்லாம் வைத்து, முன்னால் 'நெகிழியைத் தவிர்ப்போம், அருவியைக் காப்போம்' என்று பலகையும் நட்டுக் கொடுத்தேன். மருந்துக்குக்கூட பிளாஸ்டிக் சேர்க்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

வெளியே சாரல் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி பக்கத்துக் கடைக்குப் போய், பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வாங்கி வந்து, பாறை, மரம், பலகை ஒன்றும் தெரியாதபடி சுற்றிக் கட்டினார். நான் பலகையைக் காட்டினேன். அவர் சட்டை செய்யவில்லை. "எழுத்து கெடக்கட்டும் தாயி, அருவி நனைஞ்சிரும்லா!"

டார்ச்சைக் காணோம்

இத்தனை கூத்துக்கும் நடுவில் முத்தரசி அடுக்களை மூலையில் ஒரு அட்டைப் பெட்டியோடு குடியிருந்தாள். நான் எட்டிப் பார்த்தால் பாவாடையால் மூடிவிடுவாள். அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித் தாளைத் தடவித் தடவி நீவிக்கொண்டிருந்தாள். என் சேலை ஊக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்த என் வீட்டுக்காரர் டார்ச்சைத் தேடினார். டார்ச் இருந்தது, உள்ளே பேட்டரியும் இல்லை, பல்பும் இல்லை. மனுஷன் இருட்டில் ஸ்டூலில் முட்டிக்கொண்டு கத்தினார். "ஏட்டி முத்தரசி, ஊருக்கெல்லாம் கரண்டை மிச்சம் பிடிக்க, வீட்டுல ஒரு டார்ச்சை மிச்சம் வைக்கலியே!"

குற்றாலத்து மண்டபத்தில்

போட்டி குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாடல் வரிசையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் என் கைவேலை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் என் வாடிக்கையாளர் ஒருவர், என்னைத் தெரியாத மாதிரி நின்றார்.

முத்தரசியுடையது ஒரு அட்டை வீடு. உள்ளே டார்ச் பல்பு எரியும். வாசல் கதவுக்கு வெளியே ஊக்கால் செய்த கொண்டி. கொண்டியைப் போட்டால் பல்பு அணைந்துவிடும். "வெளியூர் போறவங்க லைட்டை அமத்த மறந்தாலும், கதவைப் பூட்டுனாத் தானா அமந்திரும் சார்" என்று விளக்கினாள். வழுக்கைத் தலை நடுவர் கொண்டியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அப்போது பார்த்து ஒரு டீச்சர் அவர் காதருகே போய், "இந்தப் பிள்ளையோட அம்மா மாடல் கடை வச்சிருக்காங்க சார்" என்றார். நடுவர் கையை எடுத்துவிட்டார். முத்தரசிக்கு உதடு துடிக்க ஆரம்பித்தது.

இது நான் செய்ததில்லை என்று சொன்னால், அப்போ நீங்க செஞ்சது எது என்று அடுத்த கேள்வி வரும். பேங்க் மேடம் தூரத்திலிருந்தே 'வேண்டாம்' என்று தலையாட்டினார். செங்கோட்டை அண்ணாச்சி மேலே சுற்றும் மின்விசிறியை ஆராய்ச்சி செய்தார். கடை போனால் போகிறது என்று நான் ஒரு எட்டு எடுத்து வைப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்.

"எங்க அம்மா செஞ்சா எரியாது சார்! அவ பல்பைப் பசை போட்டு ஒட்டத்தான் செய்வா, ஒயர் எங்கயும் போகாது. நம்பலைன்னா இந்த வரிசையில இருக்க எல்லாத்தையும் போட்டுப் பாருங்க!"

நடுவர் நிஜமாகவே கிளம்பிவிட்டார். சோலார் வீட்டின் சுவிட்சைப் போட்டார், எரியவில்லை. தெருவிளக்கைப் போட்டார், எரியவில்லை. காற்றாலையின் சுவிட்ச் அவர் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு அப்பாவோ அம்மாவோ குனிந்து செருப்பைச் சரிசெய்தார். பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்ததும் மண்டபமே குலுங்கியது. எரிய வேண்டும் என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நான் என்ன செய்ய?

திரும்பி வந்த நடுவர், முத்தரசியிடம் கொண்டியைப் போட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டு எடுத்தாள். பல்பு எரிந்தது. "நீதான் செஞ்ச, நம்புதேன்" என்று அவள் தலையில் கைவைத்து, முதல் பரிசுக்கு அவள் பெயரைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "இந்த மண்டபத்துலயே மின்சாரத்தைத் துளிகூட வீணாக்காம முழுசாச் சேமிச்சது நீங்கதாம்மா!"

பிள்ளை பயப்படாமல் உண்மை பேச வேண்டும் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொள்ளும் அம்மாமார்களே, சொந்தமாகக் கடை வைத்திருந்தால் கொஞ்சம் யோசித்து வேண்டிக்கொள்ளுங்கள்.