விளக்கு வைக்கும் நேரத்தில் திறந்த கண்கள்

அன்று சேலத்து ஆஸ்பத்திரி அறையில் இருந்தது நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள், டாக்டரம்மா, அவ்வளவுதான். கொஞ்சம் நடந்தாலே மகளுக்குக் கால் துவண்டுவிடும். பொழுது சாய்ந்தால் இமை தானாக மூடிக்கொள்ளும். வழியில் விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், எந்த டாக்டரிடம் போனாலும் எங்கள் ஊர் நாகலூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே தூங்கவைத்து, இறங்கியதும் தூக்கிக்கொண்டே போவேன். பார்த்தவர்கள் எல்லாம், "நல்லாத்தானே இருக்கா" என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓய்வு குடுத்துக் குடுத்தே நோயை மறைச்சிட்டீங்களேம்மா! " பிறகு மகளிடம் திரும்பி, "கண்ணு, தலைய ஆட்டாம மேல இருக்குற அந்த ஃபேனையே பாரு" என்றார்.

பார்க்கப் பார்க்க இமைகள் இறங்கின.

"சொந்தத்துல கட்டுனீங்களா?"

"என் தாய்மாமன்தானுங்க இவரு."

நரம்பு சொல்வது தசைக்குச் சரியாக எட்டாத பிறவிக் கோளாறாக இருக்கலாம் என்றார். பரம்பரையாக வருவதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார். பிறகு ஒரு மாத்திரை கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்.

வெளியே விளக்குகள் எரியத் தொடங்கிய வேளையில் இமைகள் மெல்ல மேலேறின.

"ஏம்மா அழுவுற?" என்றாள் மகள்.

"ஏனுங்க டாக்டர், இவ பயத்துக்கும் ஒரு மாத்திரை குடுங்க" என்றார் வீட்டுக்காரர், என்னைக் காட்டி. அவர் குரலும் உடைந்திருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவளை அரைக்கண்ணோடுதான் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு இவ்வளவு பெரிய கண்களா!