கை சிவந்த குற்றம்

அம்மா தலைக்கு மருதாணி போடக் கூடாது என்று சொன்னவர்களைப் பற்றி நிதானமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நிதானம் வரவில்லை.

அப்பா போய் ஒரு வருஷம் முடிவதற்குள் அம்மா பூவை விட்டாள், மஞ்சளை விட்டாள், கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்தாள். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அவளாகவே செய்துவிட்டாள். விடாமல் வைத்துக்கொண்டது தலைக்குப் போடும் சாயம் மட்டும்தான். "நரைச்சிட்டா கண்ணாடியில வேற யாரோ நிக்கிற மாதிரி இருக்குடி. இது ஒண்ணு மட்டும் போட்டு விடு" என்றாள். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு நாலு சுவருக்குள் நடக்கும் காரியம். இதில் ஊருக்கு என்ன வந்தது?

சிவாஜிநகர் நாட்டு மருந்துக் கடையில் மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் வாங்கி வருவேன். சனிக்கிழமையே மருதாணியை டீ டிகாஷனில் குழைத்து இரும்புக் கடாயில் ஊற வைத்துவிடுவோம். ஞாயிறு காலை அதைப் பூசி, அலசிக் காய வைத்து, அப்புறம் அவுரி. நடுவில் கொஞ்ச நேரம் அம்மாவின் நரை முழுக்கச் செங்கல் நிறத்தில் இருக்கும். "இப்டியே விட்டா சர்க்கஸ்ல சேத்துப்பாங்க" என்பாள். அவுரி போட்டபின் முதலில் பச்சையடித்து, மறுநாள்தான் கருக்கும். அப்பா இருந்தபோது கிண்ணத்தில் மிச்சமிருப்பதை வழித்து மீசையில் தடவிக்கொள்வார். திங்கட்கிழமை கருத்த மீசையோடு பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போவார். யாருக்காக இந்த அலங்காரம் என்று அவரை ஒரு ஆள் கேட்டதில்லை.

கையுறை போட்டால் வேர்க்கால் தட்டுப்படாது என்று நெற்றியோரத்தை மட்டும் அம்மா வெறும் கையால் தானே பூசிக்கொள்வாள். உள்ளங்கை சிவந்துவிடும். அப்படி ஒரு ஞாயிறு முடிந்த கையோடு தம்பி மகளுக்குக் காதுகுத்து வந்தது.

மண்டபத்தில் அம்மா பின்வரிசையில் ஒதுங்கித்தான் உட்கார்ந்திருந்தாள். காபி டம்ளரை வாங்கக் கை நீட்டியபோது தம்பியின் மாமியார் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன சம்பந்தி, கை இப்டி செவந்திருக்கு? கல்யாணப் பொண்ணு தோத்தா போங்க." சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பந்தியில் உட்கார்ந்ததும் ஸ்பூன் கேட்டாள். சோற்றைப் பிசையாமல் ஒரு நாளும் சாப்பிடாதவள், இலைச் சாப்பாட்டை ஸ்பூனால் அள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தம்பி வந்தான். "அம்மா, இனிமே அந்த மருதாணி வேணாம்மா. அவங்க வீட்ல ஒரு மாதிரி பேசறாங்க" என்றான். மருதாணி மங்கலப் பொருளாம். புருஷன் போனவள் கையில் அந்தச் சிவப்பு இருக்கக் கூடாதாம். இதைச் சொல்ல வந்தவன் தலையைப் பார்த்தேன், புதுசாகக் கருப்படித்திருந்தான்.

"மாசாமாசம் சலூன்ல போய் அடிச்சுக்கிட்டு வர்றியேடா, அது யாருக்கு?" என்றேன்.

"எனக்கு ஆபீஸ் இருக்குக்கா. சும்மா வம்பு பண்ணாத."

அம்மா நடுவில் வந்து, "வேணாம்னா வேணாம், விடுங்க. இதுக்குப் போய் சண்டையா" என்றாள். அவன் நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினான். அந்தக் காபியை அவன் தலையில் ஊற்றாமல் விட்டதற்கு இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

அம்மாவின் வகிடு வெளுக்க ஆரம்பித்தது. கையில் படாமல் நானே முழுக்கப் போட்டு விடுகிறேன் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன். "அவனுக்குத்தான் சங்கடம்டி" என்று நகர்ந்துவிடுவாள். கண்ணாடி பார்க்காமலே தலை வாரப் பழகிக்கொண்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தொட்டுத் திருப்பினேன். முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக் கிடந்தது. நெற்றியோரமும் காதும் கொப்பளித்திருந்தன. ஆட்டோ பிடித்து கிளினிக்குக் கூட்டிப் போனேன். "ஏனு ஹச்சித்ரி?" என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார், என்ன பூசினீர்கள் என்று. அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசி போட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பாத்ரூம் வாளிக்குப் பின்னால் கருப்புச் சாயப் பாக்கெட் ஒன்று கிழிந்து கிடந்தது. ஐந்தே நிமிஷத்தில் கருக்கும் என்று போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து கத்தினேன். "இந்தக் கண்றாவிய எதுக்கும்மா வாங்கின? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மருதாணி கொழச்சிருக்க மாட்டேனா?"

கண்ணைத் திறக்க முடியாமல் படுத்தபடியே அம்மா சொன்னாள்: "உன் தம்பி மருதாணிதானடி வேணாம்னான். இதுல மருதாணி இல்லியேன்னு கடைக்காரன்கிட்ட கேட்டுட்டுதான் வாங்கினேன்."