அத்தான் உள்ளே இருந்த பெட்டி

ராணுவத்தில் இருபத்தொரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்றதும் தெருவில் எல்லோரும் என் அத்தானிடம் துப்பாக்கிக் கதை கேட்டார்கள். அவரிடம் அது கிடையாது. அவர் பாராசூட் மடித்தவர். நீளமான மேஜை முன்னால் நின்று, விமானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்கான பாராசூட்டைச் சுருக்கம் விழாமல் மடித்து, பைக்குள் திணித்து, கயிறுகளை வரிசையாகக் கட்டி, பதிவேட்டில் 'கட்டியவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. லேசாக நினைத்துவிடாதீர்கள். எந்த நேரமும் ஓர் அதிகாரி வந்து, அடுக்கிலிருந்து ஒரு பையை உருவி, "இதைக் கட்டினது யாரு? நீயே மாட்டிக்கிட்டுக் குதி" என்பாராம். அப்படிப் பதினொரு முறை குதித்திருக்கிறார். பதினொரு முறையும் வாந்தி எடுத்திருக்கிறார். இன்றைக்கும் மொட்டை மாடிக்குப் போய்த் துணியை எடுத்து வரச் சொன்னால் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஓய்வு பெற்று வந்த முதல் வாரத்திலேயே அக்காவின் சமையலறையை மடித்துக் கட்டிவிட்டார். சர்க்கரை டப்பாவைத் துணியில் சுற்றி, மேலே ஏழு முடிச்சு. அடியில் ஒரு சிவப்புக் கயிறு. முடிச்சுகளை வரிசை மாறாமல் அவிழ்த்துவிட்டுச் சிவப்புக் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லாம் பூ மாதிரி விரிந்துவிடும். வரிசை தப்பினால் அத்தனையும் இறுகிக்கொள்ளும்.

"எறும்பு நுழையாது. ஈரம் புகாது. மேலேருந்து போட்டாலும் உடையாது" என்றார் அத்தான்.

"சர்க்கரைய யாருங்க மேலேருந்து போடப் போறாங்க?" என்றாள் அக்கா.

அன்றைக்கு அவள் அந்த டப்பாவைத் திறக்க ஒன்பது நிமிஷம் ஆயிற்று. தேநீருக்குக் காத்திருந்தவன் நான், அதனால் கணக்காகத் தெரியும். சர்க்கரை வந்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. மண்டையிடியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரி, அடுக்குமாடி, குடோன் என்று கேட்கிற இடங்களுக்குக் காவலாளி அனுப்புவது என் தொழில். அப்போது ஓர் ஆஸ்பத்திரியில், முன்வாசலில் நிறுத்த ராணுவத்தில் இருந்த ஆளாகப் பார்த்துத் தரச் சொல்லியிருந்தார்கள். அத்தானின் மீசைக்கே அந்த வேலை கிடைக்கும். நானும் ஆசை ஆசையாக, தோளில் பட்டையெல்லாம் வைத்து, அவர் அளவுக்குச் சீருடை தைத்துக்கொண்டு போனேன்.

அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நான் யார் வாசல்லயும் நின்னவன் இல்ல மச்சான். மேஜை முன்னாடி நின்னவன். கார் கதவத் திறந்துவிட்டு சலாம் போடச் சொன்னீங்கன்னா அன்னிக்கே செத்துருவேன்."

சொந்தமாகப் பார்சல் கட்டும் கடை வைக்கப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அக்கா நடுவில் புகுந்து ஒரு உடன்பாடு செய்தாள். எட்டு மாதம் அவகாசம். அதற்குள் மாதாமாதம் வேலை தருகிற ஒரு வாடிக்கையாவது பிடித்தாக வேண்டும். பிடிக்கவில்லையென்றால் பேசாமல் சீருடையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட வேண்டும். அத்தான் சரி என்றார். சொன்ன கையோடு என் சீருடையையும் ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டி, கடை அலமாரியின் மேல் வைத்துவிட்டார்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். அதில் சுவருக்குச் சுவர் ஒரு மேஜை போட்டார். உள்ளே வருகிறவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். கத்தரிக்கோல் ஏழு, கொக்கி நாலு, மடிப்பு நகராமல் பாரம் வைக்கச் சின்ன மணல் மூட்டை பன்னிரண்டு. ஒரு பார்சலைக் கட்டி முடித்ததும் இவை அத்தனையும் எண்ணப்படும். ஒன்று குறைந்தாலும் கட்டியதை எல்லாம் பிரித்துத் தேடியாக வேண்டும், ஏனென்றால் பாராசூட்டுக்குள் கத்தரிக்கோலை மறந்து வைத்தால் ஒரு உயிர் போய்விடும். அனுப்புவது போர்வையாக இருந்தாலும் அவருக்கு அதே சட்டம்தான். ஒரு நாள் கத்தரிக்கோல் ஆறுதான் இருந்தது. கட்டி வைத்திருந்த ஒன்பது பார்சலையும் பிரித்துப் போட்டுவிட்டார். ஏழாவதை அக்கா அடுப்படிக்குப் பால் பாக்கெட் வெட்ட எடுத்துப் போயிருந்தாள்.

"நானும் கூட நின்னு ஒரு கை பிடிக்கிறேனே" என்று அக்கா அன்றைக்குக் கேட்டாள். கேட்டது அது முதல் தடவையும் இல்லை.

"ஒரு பொட்டலத்துல ஒரு கைதான் படணும். ரெண்டு பேர் கை பட்டா, நாளைக்கு யாரக் குதிக்கச் சொல்றது?" என்றார் அத்தான்.

அக்கா கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். இருபத்தொரு வருஷம் தனியாளாக வீட்டைக் கட்டிக் காத்தவளுக்குப் பொட்டலத்தில் கைபடக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் தலையிட்டு மூக்குடைபடுவானேன் என்று சும்மா இருந்தேன்.

வாடிக்கை எதுவும் நிற்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவர் கட்டிய பார்சலில் ஒரு பொருள்கூட உடைந்ததில்லை. பெட்டியை விட்டு வெளியே வந்தால்தானே உடையும். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வெளியூரில் இருக்கும் மகளுக்குச் சுவர்க்கடிகாரம் அனுப்பினார். கடிகாரம் ஓடியபடியே போய்ச் சேர்ந்தது. மகளும் மருமகனும் பதினொரு நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை அப்படியே ஆணியில் மாட்டிவிட்டார்கள். நேரம் தெரியவில்லை, சத்தம் மட்டும் நன்றாக வருகிறது என்று கடிதம் எழுதினார்கள். அத்தான் தன் கைக்காசில் பஸ் ஏறிப்போய் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். இப்படிப் பார்சல் போன ஊருக்கெல்லாம் அவரும் பின்னாலேயே போய் வந்ததில் ஏழரை மாதம் ஓடிவிட்டது.

அப்போதுதான் விளக்குக்கடை அம்மா வந்தார். கூடத்தில் தொங்கவிடுகிற பெரிய கண்ணாடி விளக்குகளை வெளியூர்களுக்கு அனுப்புகிறவர். லாரியில் போகும்போது பாதி நொறுங்கிப்போகிறது என்று நொந்துபோயிருந்தார். மாதம் நாற்பது பெட்டி கட்ட ஆள் வேண்டுமாம். அத்தானின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

"உடையாதுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எழுதிக்கூடத் தராங்க. நான் எத நம்புறது?" என்றார் அந்த அம்மா.

"எழுத்தெல்லாம் எதுக்கும்மா? நான் கட்டின பெட்டியில நானே போறேன்" என்றார் அத்தான்.

லாரியில் கூடப்போவதாகச் சொல்கிறார் என்றுதான் அந்த அம்மாவும் நானும் நினைத்தோம். அவர் சொன்னது பெட்டிக்குள்ளே. சீருடைக்குக் கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது, அந்த அம்மாவின் குடோனுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அக்காவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு. லாரியில் சரக்கு ஏற்றுகிற திண்டு அங்கே மார்பளவு உயரம். அதன் விளிம்பில் ஆளுயரப் பலகைப் பெட்டியை வைத்தார். மடியில் ஒரு கண்ணாடி விளக்கைக் கட்டிப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்துகொண்டார். சுற்றிலும் பஞ்சுப் பை, மரத்தூள் பை. மூக்குக்கு நேராக மூன்று ஓட்டை.

உள்ளே இருக்கிறவர் வெளிமுடிச்சுப் போட முடியாது என்பதால் அதற்கு மட்டும் என் கை. அவர் சொல்லச் சொல்ல நான் போட்டேன். ஐந்தாவது முடிச்சில் என் கழுத்தில் கொசு ஒன்று உட்கார்ந்தது. "இறுக்கியாச்சா?" என்றார். "ஆச்சு அத்தான்" என்றேன். ஏழாவதைப் போடும் முன், "முகத்துக்கிட்ட அந்தக் கடைசிப் பைய வச்சு, மூடிய சாத்தி, அதுக்கு மேல ஏழாவதப் போடுங்க" என்றார். சாத்திவிட்டுப் போட்டேன். சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் பெட்டியைத் திண்டிலிருந்து தள்ளினார்கள்.

தொப்பென்று விழுந்தது. கண்ணாடிச் சத்தம் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். விளக்குக்கடை அம்மா, "எங்க, திறங்க பார்க்கலாம்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்படித் திறப்பது என்று தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

ஓட்டையில் வாயை வைத்து, "அத்தான், முதல்ல எந்த முடிச்சு?" என்று கத்தினேன். பஞ்சுக்கு நடுவிலிருந்து "ம்ம்" என்று வந்தது. "மேலயா, கீழயா?" என்றேன். அதற்கும் "ம்ம்". குத்துமதிப்பாக ஒன்றை அவிழ்க்கப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மூன்றும் சரசரவென்று இறுகின. இந்தத் தடவை வந்த "ம்ம்" கொஞ்சம் மெலிவாக இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். ஒருவர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கடப்பாரை போட்டா விளக்கும் போகும், ஆளும் போவாரு" என்று அந்த அம்மா தடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, உடையல, சரி. திறக்க முடியாத பெட்டிய வாங்குறவங்க என்ன பண்ணுவாங்க? கூடத்துல பெட்டியவே தொங்கவிடுவாங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன்.

அவள் திட்டவில்லை. "நீ எந்தக் கயிறத் தொட்ட?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "இனிமே எதையும் தொடாத" என்று வைத்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் வந்து இறங்கினாள். கையில் பழைய கரண்டி ஒன்று. அதன் காம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தாள். சர்க்கரை டப்பாவுக்காக எட்டு மாதமாக வைத்திருக்கிற ஆயுதம் அது. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டினாள். உள்ளிருந்து பதிலுக்கு மூன்று தட்டு வந்தது. உட்கார்ந்து, நான் இறுக்கிவிட்டதை முதலில் நெகிழ்த்தினாள். பிறகு அத்தான் மேஜை முன்னால் முணுமுணுப்பாரே, அதே மாதிரி ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்தபடி காம்பை விட்டு நெம்பிக்கொண்டே போனாள். ஐந்தில் ஒரு கணம் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஏழும் அவிழ்ந்தன.

சிவப்புக் கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

மூடி நழுவி, நாலு பலகையும் நாலு பக்கம் சாய்ந்தன. நடுவில் தலையெல்லாம் மரத்தூளாக, மடியில் விளக்கோடு, வெளிறிப்போய் அத்தான் உட்கார்ந்திருந்தார். விளக்கில் ஒரு கீறல் இல்லை. அதைப் பத்திரமாக அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர் முதலில் அக்காவைத்தான் கேட்டார்.

"எத்தனாவதுல தடுமாறின?"

"அஞ்சாவதுல. மத்த ஆறும் நீங்க போட்ட மாதிரியே இருந்துச்சு. அது மட்டும் தம்பி கை. தளர்வா இருந்துச்சு."

அத்தான் குனிந்து ஐந்தாவது முடிச்சு இருந்த கயிற்றைத் தடவிப் பார்த்தார். இருபத்தொரு வருஷத்தில் அவர் முறையில் விழுந்த முடிச்சையும் தவறிய முடிச்சையும் தொட்டுப் பார்த்தே பிரித்துச் சொன்னவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?" என்றார்.

"தினமும் ரெண்டு வேளை. இப்ப சர்க்கரை டப்பாவுக்கு நாப்பது செகண்டுதான் ஆகுது. நீங்கதான் ஒரு நாளும் கேட்டதில்ல." கரண்டிக் காம்பில் சிக்கியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். "நீங்க குதிச்சேன் குதிச்சேன்னு கடிதாசி போடுவீங்க. படிச்சிட்டு உக்காந்து அழுவேன். இழுத்து விரிக்கிற அந்தக் கயிறு எப்பவும் உங்க கையில இருந்துச்சு, எனக்கு இங்க பிடிச்சுக்க ஒண்ணும் இருந்ததில்ல. இன்னிக்கு என் கையில இருந்துச்சு. ரொம்ப பயமாத்தான் இருந்துச்சு. ஆனா இது பரவாயில்ல."

விளக்குக்கடை அம்மா விளக்கைக் கீழே வைத்துவிட்டு, "மாசம் நாப்பது பெட்டி. திறக்கிறது எப்படின்னு வாங்குறவங்களுக்கு இவங்க சொல்லித் தரணும். அதுக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கே ஆரம்பிக்கலாம்" என்றார்.

அத்தான் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். 'கட்டியவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு அளவுகோல் வைத்துப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, தலைப்பில் 'பிரித்தவர்' என்று எழுதி, பேனாவை அக்காவிடம் நீட்டினார். அவள் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக முழுப்பெயரையும் எழுதினாள். மை காயும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, அடியில் என் பெயரைப் போட்டு, ஐந்தாம் முடிச்சு தளர்வு என்று குறித்து, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.