பாத்திரம் தேய்க்கும் பாடு

எங்கள் ஏரியில் வலை போடும் இடத்துக்கு ஆளுக்கொரு நாள் என்று முறை உண்டு. அந்த முறைக்குப் பெயர் பாடு. தன் பாடு வரும் நாளில் காற்றடித்து வலை இறக்க முடியாவிட்டால் போனது போனதுதான். மறுநாள் அடுத்தவர் பாடு.

என் வீட்டுக்காரர் ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்துக்காரர்தான், ஆனால் கம்பெனி வேலை. வலையைத் தொட்டதில்லை, ஏரிப் பேச்சை மட்டும் விடவில்லை. எங்கள் வீட்டில் குளிப்பதற்குப் பாடு, சார்ஜர் போடுவதற்குப் பாடு. ராத்திரிப் பாத்திரம் தேய்ப்பதும் நாள்விட்டு நாள் பாடுதான்.

போன வாரம் அவர் பாடு வந்த நாளுக்கு மறுநாள் காலையில் பார்த்தால், இறால் தொக்கு காய்ந்துபோன சட்டி அப்படியே கிடக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து காத்தடிச்சு கரண்டு பூட்ச்சு. என் பாடும் பூட்ச்சு. இன்னிக்கு உன் பாடு" என்றார், ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு சொல்வதுபோல.

நான் வாயைத் திறப்பதற்குள், மீன் விற்கக் கிளம்பிக்கொண்டிருந்த மாமியார் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"காத்தடிச்சா மீனு பூடும் நைனா. சட்டி இன்னா, நீஞ்சிக்கினா போச்சு?"