சிவப்புப் பொட்டிட்ட பன்

அங்கயற்கண்ணியோடு ஆலவாயில் அமர்ந்த அண்ணலே, புறப்படும் காலுக்கும் புசிக்கும் வாய்க்கும் நீயே காவல்.

ஆவணி மாதத்து வளர்பிறைப் பஞ்சமி, வியாழக்கிழமை. முதல்நாள்தான் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைத்திருந்தோம். எமகண்டம் கழிந்து, காலை ஏழு ஐம்பதுக்குத் திருவாதவூரில் பேருந்து ஏறினேன். மதுரை மாட்டுத்தாவணி நிலையத்துக்கு இருபத்திரண்டு ரூபாய். போகுமிடம், என் தங்கை மகன் குமரன் அண்ணா நகரில் தொடங்கியிருக்கும் சீன ரொட்டிக்கடை. பினாங்கில் வேலை பார்த்தபோது அவன் மேய் லிங் என்ற சீனப் பெண்ணை மணந்தான். அத்திருமணத்துக்கு நான் போகவில்லை, வாழ்த்தும் அனுப்பவில்லை. மூன்றாண்டுகள் ஆகிவிட்டன. "அண்ணே, அந்தப் புள்ள கையால ஒரு வாய் சாப்பிட்டு வா. அம்புட்டுதான் கேக்குறேன்" என்று தங்கை சொன்னதால் இந்தப் பயணம். ஊனும் முட்டையும் தொடாத நான் அங்கே எதை உண்பது என்பதுதான் விளங்கவில்லை.

எட்டே முக்காலுக்கு ஆட்டோ. போகுமிடம் சொல்லி, எண்பது ரூபாய் பேசினோம்.

"பன் பரோட்டா கெடைக்கிற ஊர்ல, சீனாக்காரன் பன்னுக்கு ஆட்டோ வச்சுப் போற மொத ஆளு நீங்கதான்யா" என்றார் ஓட்டுநர். "உள்ள என்ன வைப்பாக?"

"அதான் எனக்கும் தெரியலப்பா."

"தெரியாமயா போறீக? தைரியந்தான்."

ஒன்பது மணிக்குக் கடைக்குள் நுழைந்தேன். எடுத்துத் தருவார் யாருமில்லை. வாங்க வந்தவர்களே ஆளுக்கொரு தட்டும் இடுக்கியும் ஏந்தி, பூக்குடலையோடு நந்தவனத்தில் திரிவார் போல அலமாரிகளைச் சுற்றி வந்தனர். நானும் ஏந்தினேன். 'அன்னாசி பன், 45 ரூபாய்' என்றிருந்தது. குமரன் ஒன்றைப் பிட்டுக் காட்டினான். உள்ளே வெறும் மாவு.

"அன்னாசி எங்கப்பா?"

"அது கெடையாது மாமா. மேல கட்டம் கட்டமா வெடிச்சிருக்குல்ல, அந்தத் தோலுக்குத்தான் பேரு."

அடுத்தது தேன் தடவியதுபோல் மினுங்கியது. உள்ளே காரமான கோழிக்கறி என்றான். இனிப்புக்குள் காரம், பெயருக்குள் பொருளில்லை. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டேன்.

மேசையில் ஒரு மூங்கில் கூடை நிறைய வெண்ணிறப் பன்கள், இட்லி போல ஆவி பறக்க இருந்தன. மேய் லிங் இன்னொரு கூடையைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அதிலும் அதே வெண்மை. ஆனால் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிவப்புப் புள்ளி. கடைப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி சைவம், சிவப்புப் புள்ளி அசைவம் என்று பார்த்துப் பழகிய கண் எனக்கு. அக்கூடையை மெல்ல ஒதுக்கி, புள்ளியில்லாததைக் காட்டி, "எனக்கு இது போதும்மா" என்றேன்.

அவள் முகம் வாடிப்போயிற்று. குமரனிடம் கற்ற தமிழில், "இத்தனை வருசம் கழிச்சும் நான் செஞ்சது வேணாமா மாமா?" என்றாள்.

"மாமா, நீங்க கை காட்டுறது கோழிக்கறி" என்றான் குமரன். "உங்களுக்குன்னு இவ விடியக்காலையில தனி அடுப்புல, புதுப் பாத்திரத்துல அவிச்சதைத்தான் தள்ளி வச்சிட்டீக."

"செவப்புப் புள்ளி இருக்கேப்பா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். "எங்க ஊர்ல செவப்புப் பொட்டு வச்சா இனிப்பு மாமா" என்றாள் அவள். "தட்டப்பயறு, சர்க்கரை, நல்லெண்ணெய். முட்டை இல்ல."

பிட்டுக் கொடுத்தாள். இறைவனை நினைத்து வாயிலிட்டேன். நேற்றைய கொழுக்கட்டையின் பூரணம் வேறோர் ஆடை உடுத்தி வந்தாற்போல் இருந்தது. இது ரொட்டியா, இட்லியா, மோதகமா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை. ஆனால் இரண்டு உண்டேன்.

புறப்படுகையில், "பூசையில வைக்க ஒண்ணு குடும்மா" என்றேன்.

அவள் திகைத்தாள். "உங்க சாமி இதைச் சாப்பிடுமா மாமா?"

"தெரியலையேம்மா. இன்னைக்குத்தான் கேட்டுப் பாக்கணும்."

அவள் பன்னை வைத்துத் தந்த பெட்டியை மடியில் வைத்தபடி, பத்தரை மணிப் பேருந்தில் ஊர் திரும்பினேன். படைக்கத் திறந்தபோது, அவளிட்ட பொட்டு ஆவியில் சற்றே கலைந்திருந்தது. எங்கள் வீட்டுக் குங்குமத்தைத் தொட்டு அதைத் திருத்தி வைத்தேன்.

இதை வாசிப்போர் இல்லங்களில் அன்போடு அவித்த கூடை எதுவும் தள்ளி வைக்கப்படாதிருக்க, ஆலவாய் அண்ணல் அருள்க.